வயலட் நூல் சுற்றிய ட்வீசர்

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் அம்மா, "சிலிக்கான்மேல பெயின்ட் அடிக்கிறா" என்று சொல்வாள். ஆரம்பத்தில் அக்கா திருத்திப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். யோசித்தால் அம்மா சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு எஃகுக் கலம். அதற்குள் உலோகங்களை ஆவியாகும் வரை சூடாக்குவார்கள். அந்த ஆவி, நகத்தளவு வெட்டிய சிலிக்கான் துண்டின்மேல் போய்ப் படியும். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்தப் படலம். சிலிக்கானின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய் அக்கா இரண்டே கேள்விகள் கேட்பாள். நீ காந்தமா? உனக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது? இந்த இரண்டு கேள்விகளிலேயே அவளுடைய இளமை போய்விட்டது.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் கேட்கிற கருவியை எடுத்துக் கொடுப்பதும், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றுவதும், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. விஞ்ஞானத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அக்காவைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் கோபம்தான். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிற இடம் வேறு, நினைவில் வைத்துக்கொள்கிற இடம் வேறு. கணக்குக்குச் சிலிக்கான், நினைவுக்குக் காந்தம். இரண்டுக்கும் நடுவே அலைந்தே பாதிச் சூடும் பாதி நேரமும் போகிறது என்பாள் அக்கா. சிலிக்கான்மேல் ஒழுங்காக வளர்ந்து, மின்சாரத்தில் சிலிக்கான் மாதிரி நடந்துகொண்டு, கூடவே காந்தமாகவும் இருக்கிற ஒரு கலவை கிடைத்தால் இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம். அக்காவின் ஆய்வுக்கூடத்தில் மாங்கனீசையும் ஜெர்மானியத்தையும் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கலவை கடுங்குளிரில் காந்தமாக இருக்கும். நாம் நடமாடுகிற அறையின் வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் காந்தத்தை மறந்துவிடும். "ஃபிரிட்ஜுல வெச்சிருக்கற வரைக்கும் நல்ல பிள்ளை" என்று அதை அக்கா கிண்டல் செய்வாள்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நின்று, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பார். அக்காவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்த அன்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ட்வீசரை எடுத்து நீட்டியிருக்கிறார். சிலிக்கான் துண்டுகளை விரலால் தொடக்கூடாது, ட்வீசரால்தான் ஓரத்தில் பிடித்துத் தூக்கவேண்டும். "நான் பட்டத்துக்கு வேலை பண்ணினப்ப வெச்சிருந்தது. இனிமே உன் கையில இருக்கட்டும்" என்றாராம்.

அக்கா அன்று வீட்டுக்கு வந்த வரவைப் பார்த்திருக்கவேண்டும். நகைப் பெட்டியைத் திறக்கிற மாதிரி தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து எங்களுக்குக் காட்டினாள். எங்கள் மருத்துவமனையில் ஒரு டிரே நிறைய கிடக்கிற சாதா எவர்சில்வர் ட்வீசர்தான். பிடியில் சுற்றியிருந்த நூல் இற்றுப் போயிருந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து வயலட் நூலை எடுத்துச் சுற்றினாள். எங்கள் வீட்டில் யாரும் வயலட்டில் எதுவும் உடுத்தியதில்லை, அதனால்தான் அந்த உருளை தீராமல் கிடந்தது. முடிச்சு அவிழாமல் இருக்க என் சிவப்பு நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்தாள். அதன்பிறகு அந்த ட்வீசர் அவள் கைப்பையை விட்டுப் பிரிந்ததில்லை. ஒருமுறை அதை எடுத்து நான் புருவம் திருத்திவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா, "ஒரு முடிக்கு இத்தனை கோபமா?" என்று கேட்டதற்கு அவளோடும் பேசவில்லை.

இந்த ட்வீசரோடு அக்கா வளர்த்த படலங்களில் ஒன்று, அறை வெப்பத்திலும் காந்தமாக இருந்தது.

ரொம்ப மெல்லிய காந்தம். ஆனாலும் காந்தம். பேராசிரியர் அந்த வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அக்காவும் திரும்பத் திரும்பச் செய்து காட்டினாள். ஒவ்வொரு முறையும் வந்தது. பெரிய ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியானது. செய்தித்தாளில் பேராசிரியரின் படம் வந்தது. அவர் முன்னால் நின்று சிரிக்க, பின்னால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அக்காவின் பாதி முகம். அம்மா அதை வெட்டி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் குடிக்காமல் போக முடியாதபடி பார்த்துக்கொண்டாள், ஏனென்றால் தண்ணீர் எடுக்கிற சாக்கில்தான் ஃபிரிட்ஜ் கதவைக் காட்ட முடியும்.

இதோடு ஒட்டி இன்னொன்றும் இருந்தது. அக்கா பல வருஷமாக ஒப்பந்தத்தில்தான் வேலை பார்த்துவந்தாள். வருஷம் பிறந்தால் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்தக் கட்டுரைக்குப் பிறகு நிரந்தர வேலை ஒன்றை உருவாக்க மேலிடம் ஒப்புக்கொண்டது. அது அக்காவுக்குத்தான் என்று பேராசிரியர் வீட்டுக்கே போன் செய்து அம்மாவிடம் சொன்னார். அக்காவின் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த பிறந்தநாள் வந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. அதற்கான நேர்காணலுக்கு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

அக்காவுக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. அவளுடைய இரண்டாவது கேள்விக்குப் பதில் சரியாக வரவில்லை. படலம் நிஜமாகவே காந்தமாக இருந்தால், அதற்குள் ஓடுகிற எலெக்ட்ரான்கள் கொஞ்சம் ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டுமாம். அந்த ஒதுங்கலை அளந்துவிடலாம். அறை வெப்பத்தில் அளந்தால் ஒன்றுமே இல்லை. படலத்தைத் தடிமனாக வளர்த்தாலும் காந்தம் கூடவில்லை, அதே அளவுதான். பேராசிரியரிடம் கேட்டதற்கு, கம்பிகளை ஒட்டிய சாலிடர் சரியில்லை, இயந்திரத்தில் இரைச்சல் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கட்டுரையிலும் அதை ஒரு வரியில் பூசி மெழுகிவிட்டார்கள்.

"வாசல்ல ஒருத்தர் பேரு எழுதியிருக்கு. உள்ள போய்க் கேட்டா, அப்படி ஒருத்தரை நாங்க பாத்ததே இல்லங்கறாங்க. அந்த மாதிரி இருக்கு" என்று அக்கா என்னிடம் சொன்னாள். பேசாமல் தூங்கு என்றேன். எனக்கு அப்போது நிரந்தர வேலைதான் கண்ணில் நின்றது.

காந்தத்தை அளக்கிற இயந்திரம் வேறொரு கட்டடத்தில் இருந்தது. பல துறைகளுக்கும் பொது. முறை போட்டு வைத்திருப்பார்கள், நம் முறையன்று போகாவிட்டால் மறுபடி வர மாதக்கணக்காகும். அந்த முறை வந்த காலையில் அக்காவின் கலத்தில் காற்றை உறிஞ்சுகிற பம்ப் பழுதாகிவிட்டது. புதுப் படலம் எதுவும் கையில் இல்லை. கிடைத்த நேரத்தை வீணாக்க மனம் வராமல், மேலே எதுவும் பூசாத வெறும் சிலிக்கான் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

வெறும் சிலிக்கானை அங்கே யாரும் அளப்பதே இல்லை. எதற்கு அளக்க வேண்டும்? சிலிக்கான் காந்தம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அது காந்தத்தை மிக லேசாக விலக்கும், அந்த அளவு புத்தகத்திலேயே இருக்கிறது. பேராசிரியர் எந்தக் காலத்திலோ புத்தகத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வந்த மாணவர்கள் எல்லோரும் அந்த எண்ணைக் கழித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பாத்திரத்தின் எடையைத் தனியாகப் பார்க்காமல், மூடியில் எழுதியிருப்பதை நம்பிச் சர்க்கரை நிறுக்கிற கதைதான்.

அந்த வெறும் துண்டு காந்தமாக இருந்தது. அதே வளைவு, கிட்டத்தட்ட அதே அளவு. செய்தித்தாளில் வந்த காந்தம், மேலே ஒன்றுமே இல்லாத சிலிக்கானில் உட்கார்ந்திருந்தது.

அக்கா முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள். பிறகு தன்னைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் உயிரியல் துறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ட்வீசரை இரவல் வாங்கிவந்தாள். புதுத் துண்டை அதனால் பிடித்து அளந்தால் காந்தம் இல்லை. அதே துண்டை வயலட் ட்வீசரால் ஒருமுறை பிடித்துவிட்டு அளந்தாள். வந்துவிட்டது. இன்னும் அழுத்திப் பிடித்தாள். கூடியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சமையலறை வாசலில் நின்று என்னிடம் இதையெல்லாம் சொன்னாள். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்ததால் நான் அந்த நாட்களில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். எனக்கு முதலில் வந்த பயம் வேறு. என் புருவத்தாலா என்று கேட்டேன். அத்தனை கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன் புருவத்துக்கு அவ்வளவு சக்தி இல்லடி" என்றாள்.

எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாதே என்றேன். நாங்கள் தினம் புழங்குகிற பொருள், எனக்கா தெரியாது? அவள் ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தைப் பிடுங்கினாள். செய்தித்தாள் துண்டு கீழே விழுந்தது. ஒரு டம்ளரில் வைத்தாள், ஒட்டவில்லை. ட்வீசரின் நுனியில் வைத்தாள், மெல்ல ஒட்டியது. சில எவர்சில்வர் ஒட்டும், சில ஒட்டாது, தேய்ந்தால் ஒட்டாததும் கொஞ்சம் ஒட்டும் என்றாள். சிலிக்கான் எஃகைவிடக் கடினமானது. ட்வீசரால் பிடிக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் சிலிக்கானின் ஓரம்தான் ட்வீசரைச் சுரண்டிக்கொள்கிறது. கண்ணுக்கே தெரியாத இரும்புத் துணுக்கு போதும், அந்த இயந்திரத்துக்கு அது ஒரு மலை.

எனக்குப் புரிந்துவிட்டது. நேர்காணலுக்கு அதிக நாள் இல்லை. நான் தயங்காமல் சொன்னேன், "இப்ப வாயைத் திறக்காத. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கோ."

"அப்புறம் சொன்னா அது திருட்டுடி."

"யாரு வீட்டுல திருடுன? நீயா கண்டுபிடிச்சதுதானே, நீயே கொஞ்சம் லேட்டா சொல்ற."

 அம்மா கீழே விழுந்த செய்தித்தாள் துண்டைத் துடைத்து மறுபடி ஒட்டினாள். எங்கள் பேச்சில் அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் அக்காவைப் பார்த்து, அந்தப் பேராசிரியர் நல்ல மனிதர், அவரிடமே போய்ச் சொல், அவர் பார்த்துக்கொள்வார் என்றாள். அக்கா நினைத்திருந்ததும் அதேதான். ஆய்விதழுக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அவமானமாகிவிடும் என்று இருந்தாள்.

மறுநாள் போனாள். பேராசிரியர் எழுந்து நின்றார், டீ போட்டார். அவள் வரைபடங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நீ பெரிய காரியம் செய்திருக்கிறாய், இப்படி வந்து சொல்ல எல்லோருக்கும் தைரியம் வராது என்றார். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது என்றாள். "அந்த ட்வீசரைக் கொடுத்துட்டுப் போ, நான் ஒரு தடவை பாக்கறேன்" என்றார். அவள் கண்ணாடிக் கூட்டோடு கொடுத்துவிட்டு வந்தாள். அவர் அதை இழுப்பறையில் வைத்ததைப் பார்த்ததாகவும் சொன்னாள். அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இரண்டு வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்கான அறிவிப்பை அவர் மட்டுமே எழுதி அனுப்பியிருந்தார். தாம் மேற்கொண்ட மறுஆய்வில் பிழை தெரியவந்ததாம். ஆய்வாளர் ஒருவர் ஆய்வுக்கூடத்தின் வழக்கத்துக்கு மாறாக எஃகுக் கருவியைப் பயன்படுத்தியதே காரணமாம். அக்கா அறிவிப்பைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனால் ஒவ்வொரு மேசையிலும் புத்தம்புது பிளாஸ்டிக் ட்வீசர்கள். எப்போதும் இவைதான் இங்கே வழக்கம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவளுடைய வயலட் ட்வீசரைக் கேலி செய்தவர்கள், "ராணியம்மா செங்கோல்" என்று பட்டப்பெயர் வைத்தவர்கள், அவர்களில் ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை.

அவள் பேராசிரியரின் அறைக்குப் போனாள். இந்தமுறையும் அவர் எழுந்து நின்றார். அறிவிப்பு உண்மை இல்லை, அந்த ட்வீசர் நீங்கள் கொடுத்தது என்றாள்.

அவர் அதே மெல்லிய குரலில், "எந்த ட்வீசர்?" என்று கேட்டார்.

அக்கா என்னிடம் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். அதற்குமேல் அங்கே என்ன பேசினாள், எப்படி வெளியே வந்தாள் என்று எத்தனை தோண்டினாலும் வராது. பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அவர் இளவயதில் பட்டம் வாங்கியதும் இதே மாதிரி மெல்லிய படலத்தில் கண்ட மெல்லிய காந்தத்துக்குத்தான். அந்தக் காந்தத்தையும் இதே ட்வீசர்தான் பிடித்துத் தூக்கியிருக்கிறது. ட்வீசர் வெளியே இருந்தால் யாராவது அந்தப் பழைய படலங்களையும் திரும்ப அளக்கக் கேட்பார்கள்.

"நான் அவ்வளவு தூரம் யோசிக்கவே இல்லடி" என்றாள். "அவரைக் காப்பாத்தணும்னுதான் முதல்ல அவர்கிட்ட போனேன்."

மேலிடத்துக்கு எழுது என்று நான் குதித்தேன். எழுதினாள். விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்கும் அவர்தான் டீ போட்டுக் கொடுத்திருப்பார். பொருள் இல்லை, சாட்சி இல்லை, கட்டுரையில் படலத்தை வளர்த்தவர் என்று அவள் பெயர்தான் இருந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நேர்காணல் நடந்தது, வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த பிறந்தநாளும் வந்துபோனது. அன்று அம்மா இனிப்புச் செய்து வைத்திருந்தாள். ஒருவரும் தொடவில்லை.

இதற்கிடையில் பேராசிரியர் அறிவியலில் நேர்மை என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேச ஆரம்பித்திருந்தார். தன் மிகச் சிறந்த கண்டுபிடிப்பைத் தானே முன்வந்து திரும்பப் பெற்ற மனிதர் என்று அவரைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்கள். ஒரு பேச்சை என் போனில் பார்த்தேன். கூட இருந்தவர்கள் செய்த பிழைக்கும் தலைவன்தான் பொறுப்பேற்க வேண்டும் என்றார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. அக்கா பார்க்குமுன் அணைத்துவிட்டேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தைக் கிழித்துப் போடப் போனபோது அம்மா விடவில்லை. "அவன் மூஞ்சிய வேணா வெட்டி எடு. என் பொண்ணு பாதி இருக்கா" என்றாள். வெட்டினால் அக்காவின் தோளும் போய்விடும்போல இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வண்டிகளின் முன்விளக்குக்குள் பளபளவென்று ஒரு கிண்ணம் இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அலுமினியம் பூசுகிற இடம். அங்கேயும் காற்றை உறிஞ்சிய கலம்தான், உலோக ஆவிதான், மெல்லிய படலம்தான். கேள்விகள்தான் கிடையாது. பளபளக்கிறதா, இல்லையா, அவ்வளவே. "அலுமினியம் காந்தம் இல்ல, அதனால நிம்மதி" என்பாள். அங்கே எல்லோரும் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள். தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர்களும் உண்டு.

போன மாதம் எங்கள் மருத்துவமனை ஒரு இலவசப் பல் பரிசோதனை முகாம் நடத்தியது. எந்த இடம் என்று போய் இறங்கியபிறகுதான் தெரிந்தது. அக்கா வேலை பார்த்த அதே நிறுவனம். டாக்டர் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்க, தண்ணீர் பிடிக்க நான் தாழ்வாரத்தில் நடந்தேன். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார் போலிருக்கிறது. சுவரோரம் விளக்குப் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே அவர் வாங்கிய பதக்கங்கள், இளவயதுப் படம், டீ குடித்த கோப்பை. கோப்பைக்குப் பக்கத்தில் வெல்வெட் துணியில் ஒரு ட்வீசர். அவர் இழுப்பறையை ஒழித்த மாணவர்கள் யாரோ ஆசையாக எடுத்து வைத்திருக்க வேண்டும். கீழே ஒரு அட்டையில், பேராசிரியர் மாணவப் பருவம் தொட்டுப் பயன்படுத்தியது என்று அச்சடித்திருந்தார்கள்.

பிடியில் வயலட் நூல். முடிச்சில் என் நகப்பூச்சு, சிவப்பாக ஒரு சொட்டு.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்த காவலாளியிடம், இது எங்கள் அம்மாவின் நூல் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணாடியில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். அதற்குள் டாக்டர் தண்ணீர் எங்கே என்று கத்தினார். அன்று முழுக்க யார் யாருடைய வாய்க்குள்ளோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை வீடு திரும்பும் வழியில்தான் வந்தது.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் மென்று விழுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"அக்கா, அந்த ட்வீசரைப் பாத்தேன்."

அவள் நிமிரவில்லை. "எந்த ட்வீசர்?" என்றாள், அவருடைய அதே மெல்லிய குரலில்.

 கண்ணாடிப் பெட்டியை, வெல்வெட்டை, அட்டையில் இருந்த வரியை எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நூல் பிரிஞ்சிருக்கா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"பிரியாது" என்றாள் அக்கா. "நல்லா இறுக்கித்தான் சுத்தினேன்."